ஊசிக் காது தெரியாத கண்ணுக்கு எந்த ஊசி வாங்கலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையைச் சேர்ந்த ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அம்மைக்கு வயது 68. சேலைக்கு ஃபால்ஸ் வைத்து, ரவிக்கைக்கு ஹூக் கட்டி, கோயில் பீட விரிப்புகளுக்குப் பூவேலை செய்து கொடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இப்போது ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை துணியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். "நூலை மேலே வைத்து அழுத்தினால் தானாகக் காதுக்குள் இறங்கும் ஊசி இருக்கிறதாமே, அம்மைக்கு வாங்கி அனுப்பலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" என்பது கேள்வி.

வாங்கி அனுப்புங்கள். ஹூக், பட்டன், நைட்டி மடிப்பு, பிரிந்த தையல் போன்ற வேலைகளுக்கு அந்த ஊசி பெரிய உதவி. பீட விரிப்பின் பூவேலைக்கும் பட்டுச் சேலைக்கும் அது சரிவராது. அதற்கு வேறு ஊசி, வேறு வழி இருக்கிறது. இரண்டுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை வீடியோ காலில் பேசும்போது, அம்மை நூல் கோர்ப்பதைக் கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள். ஊசியை எந்த உயரத்தில் பிடிக்கிறார் என்று பாருங்கள்.

நான் சொல்லிக் கொடுக்கும் தையல் வகுப்புக்கு அறுபது வயதைத் தாண்டிய அக்காமார் சிலர் வருகிறார்கள். ஏறக்குறைய எல்லோருமே ஊசியை முகத்துக்கு நேராகத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் கோர்க்கப் பார்ப்பார்கள். சின்ன வயதில் பழகிய கை அப்படித்தான் போகும். ஆனால் மூக்கில் இருப்பது இரட்டைக் கண்ணாடி. மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி கிட்டத்துக்கு. ஊசியை முகத்துக்கு நேரே தூக்கியதும் பார்வை தூரப் பாதி வழியாகப் போய்விடுகிறது. கண்ணாடி போட்டும் போடாத மாதிரிதான். கோடில்லாத புரோகிரசிவ் கண்ணாடியிலும் இதே கதைதான். ஊசியை நெஞ்சுக்குக் கீழே இறக்கி, மடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, தாடையை லேசாகத் தாழ்த்திக் கீழ்பாதி வழியாகப் பார்க்கச் சொன்னால் போதும், "அட, காது தெரியுதே" என்று பலர் அங்கேயே சொல்லிவிடுவார்கள். கறுப்பு நூலுக்குப் பின்னால் வெள்ளைத் துணி, வெள்ளை நூலுக்குப் பின்னால் கறுப்புத் துணி. காசு செலவில்லாத வைத்தியம் இது.

கண்ணாடியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பேப்பர் நல்லா படிக்கிறாங்க, ஊசி மட்டும் தெரியலைங்கிறாங்க" என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். நாற்பது வயதை ஒட்டிக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைக்கத் தொடங்குகிறது. கிட்டப் பார்க்கும்போது அது உப்பிக் கொடுக்க வேண்டும். விறைத்துப் போனால் உப்பாது. அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். அறுபதைத் தாண்டும்போது அந்தச் சக்தி ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதன்பிறகு கிட்டப் பார்வை முழுக்கக் கண்ணாடியின் பொறுப்பு. பேப்பரை நாம் சுமார் 40 செ.மீ. தள்ளிப் பிடிப்போம். தூரப்பார்வை சரியாக இருப்பவருக்கு அந்தத் தூரத்துக்கு +2.50 பவர் போதும். ஊசியையோ 25 செ.மீ. வரை கிட்டே கொண்டுவருகிறோம். அந்தத் தூரத்துக்கு +4.00 வேண்டும். படிக்கிற கண்ணாடியில் ஊசிக் காது தெரியாததற்குக் காரணம் இவ்வளவுதான். கண் பரிசோதனைக்குப் போகும்போது அம்மை தைக்கிற துணியையும் ஊசியையும் பையில் போட்டுக்கொண்டு போய், "நான் இதை இவ்வளவு கிட்டே வைத்துத்தான் வேலை செய்வேன்" என்று மடியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தையலுக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள். அது முடியாதென்றால் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெரிய லென்ஸ் ஒன்று வாங்கலாம், இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும்.

இனி ஊசிக்கு வருகிறேன்.

தானாக நூல் கோர்க்கும் ஊசி என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஊசியின் தலை உச்சியில் 'V' போல ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் அடியில் ஒரு குறுகலான தொண்டை, அதற்குக் கீழே காது. நூலை வெட்டில் கிடத்தி அழுத்தினால் தொண்டை ஸ்பிரிங் மாதிரி விரிந்து நூலை உள்ளே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். சில பாக்கெட்டுகளில் அதற்கும் கீழே வழக்கமான மூடிய காது ஒன்றும் இருக்கும். இரண்டாவது வகையில் வெட்டு உச்சியில் இல்லாமல் காதின் பக்கவாட்டில் இருக்கும். நூலை ஊசித் தண்டோடு ஒட்டி இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பிளவில் விழுந்து காதுக்குள் போய்விடும். பக்கவாட்டுப் பிளவில் நூல் எளிதில் மேலே கழன்று போகாது, ஆனால் மெல்லிய துணியில் அந்தப் பிளவு மாட்டி இழுக்கும். கடையில் அதிகம் கிடைப்பதும், கை நடுக்கம் உள்ளவர்களுக்கு எளிதாக வருவதும் உச்சி வெட்டு ஊசிதான். உங்கள் அம்மைக்கும் அதையே சொல்வேன்.

முளகுமூட்டில் என் பெரியம்மைக்கு முதலில் இந்த ஊசியைக் கொண்டுபோய்க் கொடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அவர்களுக்கு 72. ஊசியைக் கையில் வாங்கியதும் பழக்கத்தில் நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தி, காதைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். "அப்படி இல்ல பெரியம்மை" என்று சொல்லி, ஊசியின் முனையைப் பஞ்சு அடைத்த ஊசிமெத்தையில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினேன். நூலின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையிலும் பிடித்து, கொடியில் துணி காயப்போடும் கயிறுபோல விறைப்பாக்கி, ஊசித் தலைமேல் கொண்டுவரச் சொன்னேன். நூல் தலையில் உரசிக்கொண்டே முன்னும் பின்னும் நகர்ந்தது. வெட்டில் விழுந்ததும் அது நகராமல் நின்றது. அது விரலுக்கே தெரியும், கண் வேண்டாம். அப்படியே கீழே ஓர் அழுத்து. 'டிக்' என்று சின்னச் சத்தம். பெரியம்மை நூலை உருவி எடுத்துவிட்டு மறுபடியும் செய்தார்கள். அப்புறம் இன்னொரு தடவை. நான்காவது தடவை கண்ணை மூடிக்கொண்டு செய்தார்கள். "எம்மா, இதை முன்னமே ஏன் கொண்டுவரல்ல?" என்று கேட்டார்கள். எனக்கு அன்றைக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர்கள் அதற்கு முந்தைய இரண்டு வருடமாக ஊசியைத் தொடவே இல்லை.

ஆனால் குறைகளையும் சொல்ல வேண்டும். நூல் உள்ளே போன வழியாகவே வெளியேயும் வரும். ஊசியை வெடுக்கென்று மேல்நோக்கி இழுத்தால் நூல் கழன்றுவிடும். காதுக்கு வெளியே தொங்கும் நூல் வாலை எப்போதும் 10 முதல் 12 செ.மீ. வரை நீளமாக விடச் சொல்லுங்கள். இறுக்கமான துணியில் மாட்டிக்கொண்டால் நூலைப் பிடித்து இழுக்காமல் ஊசியைப் பிடித்தே இழுக்க வேண்டும். அப்படியும் கழன்றால் பரவாயில்லை, மறுபடி ஓர் அழுத்து, அவ்வளவுதான். அடுத்தது, தலை உச்சியில் இரண்டு கூரான கொம்பு மாதிரி நிற்கும். வெறும் விரலால் தள்ளினால் குத்தும். விரல் நுனியில் மாட்டும் திம்பிள் உறை போடாமல் இந்த ஊசியைத் தள்ளவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவராக இருந்தால் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அவர்களுக்கு விரல் காயம் ஆற நாளாகும்.

மூன்றாவது குறைதான் பெரியது. தலை கொஞ்சம் அகலம் என்பதால் நெருக்கமான துணியில் துளை பெரிதாக விழும். வெட்டின் விளிம்பு சரியாகத் தேய்த்து வழவழப்பாக்கப்படாமல் இருந்தால் நூலையும் அறுக்கும், துணியையும் இழுக்கும். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவருடைய பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் வைக்க, அவசரத்தில் புதிதாக வாங்கிய ஒரு மலிவு பாக்கெட்டிலிருந்து இந்த ஊசியை எடுத்துவிட்டேன். நான்கு விரற்கடை தைத்திருப்பேன், பட்டின் ஓர் இழை வெட்டில் மாட்டி, சேலை முகப்பில் கோடுபோல நீளமாக இழுத்துவிட்டது. ஊசி முனையால் தடவித் தடவி அதைச் சரிசெய்ய ஒரு மாலை முழுக்கப் போயிற்று. அன்றிலிருந்து பட்டு, ஷிஃபான், ஜார்ஜெட் எதிலும் இந்த ஊசியை விடுவதில்லை.

அதனால் பாக்கெட் கைக்கு வந்ததும் சோதித்துவிட்டுக் கொடுங்கள். ஒரு முழம் சாதாரணப் பருத்தி நூலை வெட்டில் இறக்கி, காதுக்குள் பத்து முறை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நூலில் பஞ்சு எழும்பினால் அந்த ஊசி வேண்டாம். விரல் நகத்தைத் தலையில் தடவிப் பாருங்கள். நகத்தைச் சுரண்டினாலும் வேண்டாம். ஒரு பாக்கெட்டில் நல்ல கம்பெனி ஊசியிலேயே ஒன்றிரண்டு இப்படி வரும். ஜான் ஜேம்ஸ், க்ளோவர் போன்றவை இந்த வகை ஊசியில் நம்பிக்கையான பெயர்கள். பெரும்பாலும் 4 முதல் 8 வரையிலான நம்பர்கள் கலந்து வரும். ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். அம்மைக்கு 5, 6 தோதாக இருக்கும். நூலும் சாதாரணத் தையல் நூலாக இருக்கட்டும். தடித்த நூல் அந்தத் தொண்டையில் இறங்காது. வலிந்து அழுத்தினால் கொம்பு ஒன்று ஒடிந்துவிடும். எம்பிராய்டரி நூலில் ஆறு இழையில் ஒன்றோ இரண்டோ பிரித்தெடுத்தால்தான் போகும்.

இந்த ஊசிக்கு இன்னொரு நல்ல உபயோகம் உண்டு, நல்ல கண் உள்ளவர்களும் இதற்காகவே ஒன்று வைத்துக்கொள்ளலாம். தைத்து முடிக்கும்போது நூல் இரண்டு விரற்கடைதான் மிஞ்சியிருக்கிறது, முடிச்சு போட வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஊசியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் முதலில் நுழைத்து, தலை மட்டும் வெளியே நிற்கும்படி விடுங்கள். அந்தக் குட்டை நூலை வெட்டில் அழுத்தி ஊசியை உருவினால் வால் உள்ளே மறைந்துவிடும். மூடிய காது ஊசியில் இதைச் செய்யவே முடியாது.

சரி, பூவேலைக்கு என்ன செய்வது? அதற்கு எம்பிராய்டரி ஊசி, கடைகளில் க்ரூவல் என்றும் எழுதியிருக்கும். சாதாரணத் தையல் ஊசியின் தடிமனும் நீளமும்தான் இதற்கும். காது மட்டும் வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும். கண் மங்கியவருக்கு அந்த நீளம் பெரிய வித்தியாசம். நான் பீட விரிப்புக்கு 7-ஆம் நம்பரும், ஒற்றை இழை வேலைக்கு 9-ஆம் நம்பரும் வைத்திருக்கிறேன். பட்டுச் சேலை ஃபால்ஸுக்கும் 8 அல்லது 9-ஆம் நம்பர் எம்பிராய்டரி ஊசிதான். உண்மையைச் சொன்னால், ஒரே ஒரு ஊசி பாக்கெட்தான் வாங்க முடியும் என்றால் உச்சி வெட்டு ஊசியை விட்டுவிட்டு இதை வாங்கச் சொல்வேன்.

இதில் கோர்ப்பதற்குக் கண்ணைவிட விரலை நம்பும் ஒரு முறை இருக்கிறது. நூலை ஊசித் தண்டின்மேல் மடித்துப் போட்டு, இரண்டு பக்கத்தையும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள். அந்த மடிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கிக்கொண்டே ஊசியை மட்டும் மெல்ல உருவிவிடுங்கள். இப்போது விரல்களுக்கு நடுவே தட்டையான ஒரு மடிப்பு, வெளியே தெரிந்தும் தெரியாமலும் நிற்கும். ஊசிக் காதை அந்த விரல் இடுக்கின்மேல் வைத்து அழுத்தினால் மடிப்பு தானாகக் காதுக்குள் ஏறும். நூலை ஊசிக்குக் கொண்டுபோகாமல் ஊசியை நூலுக்குக் கொண்டுவருகிறோம். ஒரு நாள் பழகினால் வந்துவிடும். பிரிபிரியாக இருக்கிற எம்பிராய்டரி நூலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நுனியைத்தான் கோர்ப்பேன் என்றால், கூரான கத்தரியால் சாய்வாகப் புதிதாக வெட்ட வேண்டும். பல்லால் கடித்த நுனி பிரிந்து நிற்கும். எச்சில் தொடும் பழக்கத்தையும் மாற்றலாம்: பருத்தி நூல் ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும், அதற்குப் பதிலாக ஊசிக் காதை ஈரவிரலால் தொட்டுவிட்டால் அந்த ஈரம் நூலை உள்ளே இழுக்கும். கோர்க்கவே முடியவில்லையென்றால் ஊசியை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். காதைப் பட்டறையில் அச்சில் அடித்துத் துளைப்பதால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சற்றுக் கரடாகவும் இருக்கும்.

வெள்ளைத் தகரத் தலையில் சாய்சதுர வடிவில் மெல்லிய கம்பி வளையம் வைத்த நூல் கோர்க்கும் கம்பி எல்லா பேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். நல்லதுதான், ஆனால் அந்தக் கம்பியையும் காதுக்குள் விட வேண்டும், மெல்லிய ஊசியில் மாட்டி இழுத்தால் அடியோடு பிய்ந்துவிடும். நான்கைந்து வாங்கி வைத்தால்தான் ஆகும்.

பேரனுக்காகக் காத்திருப்பதைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு ஒரு ஏற்பாடு. பேரன் பள்ளிக்கூடம் போகும் முன்னால் நூல்கண்டை வெட்டாமல் அதன் நுனியில் பத்து ஊசியை வரிசையாகக் கோர்த்துக் கொடுத்துவிடட்டும். அம்மை வேலை செய்யும்போது ஒன்பது ஊசியைக் கண்டுப் பக்கம் தள்ளிவிட்டு, முன்னால் இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கை நீளம் நூலை உருவி, அந்த ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வெட்டிக்கொள்ள வேண்டும். மிச்ச ஊசிகள் உதிராமல் நூல் நுனியைக் கண்டின் விளிம்பு வெட்டில் செருகிவிட வேண்டும். பத்து ஊசி என்றால் ஒரு சேலை ஃபால்ஸ் முடிந்துவிடும். வெள்ளைக் கண்டில் பத்து, கறுப்புக் கண்டில் பத்து. பேரனுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பாட்டிக்கு அன்றைய நாள் முழுக்கத் தன் கையில் இருக்கும்.

நம் ஊரில் ஊசி துருப்பிடிப்பது இன்னொரு பாடு. குளச்சல், முட்டம் பக்கம் மட்டுமில்லை, உப்புக்காற்று உள்ளே வரைக்கும் வரும். போதாததற்கு இரண்டு பருவ மழையும் நமக்கு உண்டு. உச்சி வெட்டு ஊசியின் தொண்டையில் துரு ஏறினால் அது நூலை அறுக்கத் தொடங்கிவிடும். மாத்திரை டப்பாவுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை ஊசி டப்பாவில் போட்டு, மூடி இறுக்கமாக வைத்திருங்கள். முன்பெல்லாம் தலைமுடியில் ஊசியை ஒருதடவை இழுத்துவிட்டுத் தைப்பார்கள், அந்த எண்ணெய்ப் பசை ஊசிக்கு நல்லதுதான், ஆனால் வெள்ளைப் பீட விரிப்பில் கறை விழும்.

மழை நாளில் வெளிச்சத்துக்கு ஏங்க வேண்டாம். வலக்கைக்காரர் என்றால் இடது தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி வெள்ளை எல்இடி மேசை விளக்கு ஒன்று வையுங்கள். வயதாக ஆகக் கண்பாப்பா சுருங்கி, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. அதனால் நமக்குப் போதும் என்று தோன்றும் விளக்கு அம்மைக்குப் போதாது.

"வயசாயிட்டு, இனி விட்டுரும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் ஊசி வேலை பொழுதுபோக்காக வந்ததில்லை. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் இங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மரி லூயிஸ் தெ மேஸ்தர் தொடங்கிய கன்னியர் மடம் லேஸையும் எம்பிராய்டரியையும் வளர்த்தது. சொந்தமாக ஒரு காசு சம்பாதிக்க வழியே இல்லாத பெண்களுக்கு அது கூலி கொடுத்த வேலை. என் அம்மை, பெரியம்மை, உங்கள் அம்மை எல்லோரும் அந்த வரிசையில் வந்தவர்கள். அந்த விரலுக்கு வேலை மறக்கவே இல்லை. காது தெரியாதது ஒன்றுதான் தடை, அந்தத் தடையை நீக்க முடியும்.

கடைசியாக ஒன்று. விளக்கைச் சுற்றி வெளிச்சம் சிதறித் தெரிகிறது, நீல நூலுக்கும் கறுப்பு நூலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, வெள்ளைத் துணி மஞ்சளாகத் தெரிகிறது என்று அம்மை சொன்னால் அது வெள்ளெழுத்து இல்லை, கண்புரையாக இருக்கலாம். அப்போது ஊசியை மாற்றிப் பயனில்லை, கண் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம். ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் தூரப்பார்வைக்காக வைக்கப்படுவது. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகும் தையலுக்குத் தனிக் கண்ணாடி வேண்டியிருக்கும். "ஆபரேஷன் பண்ணியும் ஊசி தெரியலையே" என்று மனம் விட்டுவிட வேண்டாம். ஒரே நாளில் பார்வை மங்கினாலோ, சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் மாறினாலோ தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள்.

வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ தையல் சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள். "மேலே வெட்டு வச்ச ஊசி" என்று கையால் காட்டினால் புரிந்துகொள்வார்கள். அங்கே இல்லையென்றால் நீங்களே ஆன்லைனில் வாங்கி அனுப்பலாம். உச்சி வெட்டு ஊசி ஒரு பாக்கெட், எம்பிராய்டரி ஊசி 7-ஆம் நம்பரில் ஒன்று, 9-ஆம் நம்பரில் ஒன்று, ஒரு திம்பிள், ஒரு மேசை விளக்கு. வந்ததும் வீடியோ காலில் அம்மையோடு சேர்ந்து நீங்களும் ஒரு ஊசியில் கோர்த்துப் பாருங்கள். அம்மையின் கண்ணாடி பவர் என்ன, எந்தத் துணியில் தைக்கிறார் என்று எழுதினால், நம்பர் மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.